‘பழசு’ ஃபோல்டரும் 2,340 சுங்குடி டிசைன்களும்

மதுரை முனிச்சாலைப் பக்கம், துணியில் புள்ளி புள்ளியாக முடிச்சுக் கட்டிச் சாயம் போடும் சுங்குடிச் சேலைப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போன் செய்தார். குரலே சரியில்லை.

"தம்பி, டிஸ்க்ல இருந்த டிசைன் பூராம் போச்சு. பையன் தெரியாம அழிச்சுட்டான்."

"டிஸ்க் இப்ப எங்கண்ணே இருக்கு?"

"கம்ப்யூட்டர்லதான் மாட்டியிருக்கு. அவன் ஏதோ பண்ணிப் பாத்துக்கிட்டு இருக்கான்."

"ஒண்ணும் பண்ண வேண்டாம்ணே. எஜெக்ட் கொடுத்துக் கழட்டி மேஜை மேல வைங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் மாட்டாதீங்க."

அன்று நான் செய்த வேலைகளிலேயே முக்கியமானது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்குப் பிறகு மூன்று நாள் உட்கார்ந்து செய்ததெல்லாம் அதற்கு அடுத்தபடி.

நான் அனுப்பானடியில் வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் போடுவது, பிரிண்டர் பார்ப்பது, ராம் மாற்றுவது. டெலீட் ஆன ஃபைலை மீட்கும் வேலை ஆண்டுக்கு நாலைந்து வரும். இந்த முறை செய்ததை விவரமாக எழுதி வைக்கிறேன். எனக்கும் உதவும், இதே நிலையில் மாட்டிக்கொண்ட யாருக்காவதும் உதவும்.

அண்ணன் வீட்டுக்குப் போனபோது டிஸ்க் மேஜை மேல் தனியாக இருந்தது. கைக்கு அடக்கமான, யுஎஸ்பி ஒயரில் ஓடும் 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும் வகை. கம்பெனிக்காரர் 1,000-ஆல் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024-ஆல் கணக்கிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நடந்தது இது. அண்ணனின் அம்மாவும் அம்மாவின் மாமியாரும் கையால் கட்டிய சுங்குடிச் சேலைகள், வாடிக்கையாளர் வீடுகளில் இருந்த பழைய சேலைகள், காகிதத்தில் புள்ளி வைத்து எழுதிய மாதிரிகள் எல்லாவற்றையும் அண்ணன் பல ஆண்டுகளாகப் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கோடு போட்ட நோட்டில் அந்த நம்பரும் சேலை யாருடையது என்ற விவரமும். மொத்தம் 2,340 படங்கள். கூடவே சாயப் பக்குவம் எழுதிய 61 நோட்பேட் ஃபைல்கள். அரக்குக்கு எந்த உப்பு எவ்வளவு, மாம்பழ மஞ்சளுக்கு எத்தனை நிமிடம் என்பது மாதிரி.

இவ்வளவையும் போட்ட ஃபோல்டருக்கு அவர் வைத்த பெயர் ‘பழசு’. பழைய டிசைன்கள் என்ற அர்த்தத்தில். டிஸ்க் நிறைந்துபோய், போனில் இருந்ததை மாற்ற இடம் இல்லாதபோது பையன் பார்த்திருக்கிறான். ‘பழசு’ என்று இருந்தது, வேண்டாதது என்று நினைத்துவிட்டான். அதையும் சில சினிமாக்களையும் சேர்த்து ஷிஃப்ட் டெலீட். 60 ஜிபி காலியானது. அந்த இடத்தில் போனில் இருந்த 31 ஜிபி படங்களையும் வீடியோக்களையும் இறக்கிவிட்டான். மறுநாள்தான் தெரிந்திருக்கிறது.

பையன் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், உள்ளே வரவில்லை. அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். டெலீட் செய்ததில் பெரிய நஷ்டம் இல்லை தம்பி, அதற்கப்புறம் நீ என்ன காப்பி செய்தாய் என்பதைச் சரியாகச் சொல், அதுதான் எனக்கு வேண்டும் என்றேன். அவன் போனைப் பார்த்து எண்ணிச் சொன்னான்: 941 ஃபைல்கள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஷிஃப்ட் அழுத்தாமல் வெறும் டெலீட் கொடுத்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. ரீசைக்கிள் பின்னுக்குப் போன ஃபைல் அழிவதே இல்லை. அதே டிஸ்க்கில், ஒளித்து வைத்த ஒரு ஃபோல்டருக்குள் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும். பழைய பெயர், இருந்த இடம், நீக்கிய நேரம் மூன்றையும் குறித்து வைத்த ஒரு குட்டி ஃபைல் அதன் பக்கத்தில் இருக்கும். ரீஸ்டோர் கொடுத்தால் அதைப் படித்துத்தான் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்புகிறது.

ஷிஃப்ட் டெலீட் ஆனதற்கு என்ன கதி என்று அண்ணனின் அம்மா கேட்டார். எழுபதைத் தாண்டியவர். மகனிடம் சௌராஷ்டிரத்தில் பேசுவார், என்னிடம் தமிழில். நான் நிலத்தை வைத்துச் சொன்னேன். பட்டாவில் ஒருவர் பெயரை அடித்துவிட்டால் அவர் வீடு இடிந்து விழுந்துவிடாது. அது பாட்டுக்கு நிற்கும். ஆனால் பதிவேட்டைப் பார்க்கிறவருக்கு அது காலி இடம், புறம்போக்கு. யாராவது வந்து அதன்மேல் கட்டினால்தான் பழைய வீடு போகும். "அப்ப இவன் படம் இறக்குனது வீடு கட்டுன மாதிரியா?" என்று கேட்டார். அதேதான் என்றேன். எவ்வளவு கட்டியிருக்கிறான் என்று பார்க்கத்தான் டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

வெள்ளி இரவு, நகல் எடுத்தல்

மீட்கிற வேலையை மூல டிஸ்க்கில் செய்யவே கூடாது. முதலில் அதை முழுதாக, ஒரு செக்டர் (டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் சின்னக் கட்டம்) விடாமல் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். பிறகு மூலத்தை உறையில் போட்டு வைத்துவிட்டு, நகலில்தான் தேடல் எல்லாம். விண்டோஸில் மாட்டுவதையும் தவிர்த்தேன். நாம் எதையும் தொடாவிட்டாலும் விண்டோஸ் தன் பங்குக்கு எதையாவது எழுதும். அந்தச் சிறு எழுத்து எந்தச் சேலையின் மேல் விழும் என்று யாருக்கும் தெரியாது.

லினக்ஸ் உள்ள பென் டிரைவில் லேப்டாப்பைக் கிளப்பினேன். மாட்டியதும் தானாகத் திறக்கும் வசதியை அணைத்தேன், டிஸ்க்கை வாசிக்க மட்டும் என்று பூட்டினேன். அப்புறம் ஸ்மார்ட் விவரம் பார்த்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல் அது. மாற்றப்பட்ட செக்டர் 0. வாசிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர் 8. இந்த 8-ஐப் பார்த்ததும் நகல் எடுக்கும் முடிவு இன்னும் உறுதியானது. வாசிக்கச் சிரமப்படத் தொடங்கிய டிஸ்க்கை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகத் தேடல் ஓட்டினால் டிஸ்க்கே படுத்துவிடலாம்.

நகலுக்கு டிடிரெஸ்க்யூ என்ற சாஃப்ட்வேர். இதன் அருமை என்னவென்றால், வாசிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காது. அதைக் குறித்து வைத்துவிட்டு நல்ல இடங்களை முதலில் எடுத்துவிடும். கடைசியில் திரும்பி வந்து கெட்ட இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதுவரை முடிந்தது என்று ஒரு வரைபட ஃபைலில் அவ்வப்போது எழுதிக்கொண்டே போகும். இரவு 8 மணிக்குத் தொடங்கினேன். 11 மணிக்குக் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, ஆனால் நகலை வாங்கிக்கொண்டிருந்த 2 டிபி டிஸ்க்குக்குத் தனி அடாப்டர், அது அணைந்துவிட்டது. அரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தேன். வரைபட ஃபைலைப் படித்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. வரைபடம் இல்லாமல் சும்மா நகல் எடுத்திருந்தால் மூன்று மணி நேர வேலை வீண்.

தொடக்கத்தில் நொடிக்கு 110 எம்பி வரை வந்த வேகம் முடியப் போகும்போது பாதியானது. இது கோளாறு இல்லை. தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றில் அதிக தூரம், அதிக செக்டர். உள்ளே போகப் போகச் சுற்று சின்னதாகிறது. நடுவே ஓரிடத்தில் வேகம் சட்டென்று விழுந்தது. டிஸ்க்கின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன், ‘டிக், டிக்’ என்று உள்ளே தலை திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போய் வருவது விரலுக்குத் தெரிந்தது. கெட்ட இடம். டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிப் போனது. ஒன்றரை மணிக்கு முடிந்தபோது வாசிக்கவே முடியாமல் நின்றது 4,096 பைட், அவ்வளவுதான். 512 பைட் வீதம் 8 செக்டர். ஸ்மார்ட் சொன்ன அதே 8. இப்போதைய டிஸ்க்குகள் உள்ளுக்குள் 4,096 பைட்டை ஒரே துண்டாக வைத்து, வெளியே எட்டாகப் பிரித்துக் காட்டுகின்றன. அதனால் உண்மையில் கெட்டது ஒரே துண்டு.

சனிக்கிழமை, பதிவேட்டைப் படித்தல்

இந்த டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆனது. ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கிக் கணக்கு வைக்க விண்டோஸ் பயன்படுத்தும் முறை அது. இதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 1,024 பைட் அளவில் ஒரு பதிவு உண்டு. பெயர், நேரங்கள், அளவு, உள்ளடக்கம் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற முகவரி, எல்லாம் அதில். இந்தப் பதிவுகள் வரிசையாக ஒரு பெரிய பட்டியலில் இருக்கும். அதைத்தான் எம்எஃப்டி என்கிறார்கள். மீட்புச் சாஃப்ட்வேர் இதைத் தானாகப் படித்துக் கொடுத்துவிடும். ஆனாலும் நான் ஒரு பதிவையாவது கண்ணால் பார்த்துவிடுவேன். சாஃப்ட்வேர் சொல்வதை நம்பலாமா என்று அப்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு பைட்டையும் இரண்டு குறியாக அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் நகலைத் திறந்து எம்எஃப்டி பகுதிக்குப் போனேன். ஒவ்வொரு பதிவும் 46 49 4சி 45 என்ற நான்கு பைட்டில் தொடங்கும். ஆங்கிலத்தில் ‘ஃபைல்’ என்ற சொல்லின் நான்கு எழுத்துகள் அவை. தொடக்கத்திலிருந்து 22 பைட் தள்ளி ஒரு கொடி. உயிரோடு இருக்கும் ஃபைல் என்றால் அங்கே 01, நீக்கப்பட்டது என்றால் 00. ஷிஃப்ட் டெலீட் கொடுத்து, ஆம் என்று சொல்லும்போது ஃபைலின் பதிவுக்கு நேர்வது முக்கியமாக இந்த ஒரு மாற்றம்தான். ஒன்று, பூஜ்யமாகிறது. கூடவே, ஃபோல்டரின் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படுகிறது. டிஸ்க்கின் இடத்தைக் கிளஸ்டர் என்ற கட்டங்களாகப் பிரித்து, எது நிறைந்தது, எது காலி என்று காட்டும் வரைபடத்தில் அந்த ஃபைலின் கட்டங்கள் காலி ஆகின்றன. ஒரு கிளஸ்டர் 4,096 பைட். 1 டிபி டிஸ்க்கில் 24 கோடிக்கு மேல் கிளஸ்டர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பிட். படத்தின் உள்ளே ஒரு பைட்டைக்கூட யாரும் தொடுவதில்லை. 8 ஜிபி ஃபோல்டர் சில நொடிகளில் காணாமல் போவது இதனால்தான். அவ்வளவையும் உண்மையிலேயே அழிப்பது என்றால் காப்பி செய்ய ஆகும் நேரம் ஆகும்.

பதிவுகளைப் புரட்டிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் கை நின்றது. ஒன்றுவிட்டு ஒன்று 0பி, 0பி, 0பி என்று ஒரு வரிசை. தமிழ். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழ் எழுத்துகள் எல்லாம் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரைக்குள் இருக்கின்றன. என்டிஎஃப்எஸ் பெயர்களை எழுத்துக்கு இரண்டு பைட்டாக, சிறிய பாதியை முன்னால் வைத்து எழுதும். அதனால் தமிழில் பெயர் வைத்த ஃபைல் ஹெக்ஸ் திரையில் இப்படித்தான் தெரியும். பக்கத்து நெடுவரிசையில் வெறும் புள்ளிகளாக இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ‘அரக்கு ஜோடி பார்டர் 418’. கொடி 00. அதற்குக் கீழே முகவரி: இந்தக் கிளஸ்டரில் தொடங்கி 812 கிளஸ்டர்கள். அந்த இடத்துக்குத் தாவினேன். எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கியது. ஜேபெக் படம் அப்படித்தான் தொடங்கும். 812 கிளஸ்டரையும் வெட்டியெடுத்து ஒரு ஃபைலாக்கித் திறந்தேன். அரக்குச் சேலை, இரட்டைக் கரை, வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அண்ணனுக்கு உடனே அனுப்பினேன். காலை ஆறே முக்கால். அவர் தூங்கவே இல்லை போலிருக்கிறது, அடுத்த நொடியே போன் வந்தது.

ஒன்று கிடைத்துவிட்டது என்றால் மற்றவற்றுக்குக் கருவி போதும். டெலீட் ஆன பதிவுகளை வரிசையாகப் படித்து மீட்கும் கட்டளையை நகலின் மேல் ஓடவிட்டேன். 1,417 படங்களின் பதிவுகள் கிடைத்தன. மீதி 923? பையன் இறக்கிய 941 ஃபைல்களுக்கும் ஆளுக்கொரு பதிவு வேண்டுமல்லவா. என்டிஎஃப்எஸ் புதுப் பதிவுக்கு, பட்டியலில் காலியாகக் கிடக்கும் பழைய பதிவைத்தான் எடுத்துக்கொள்ளும். 923 படங்களின் பெயரும் முகவரியும் அப்படித்தான் போயின. இன்னொரு 18 நோட்பேட் குறிப்புகளின் பதிவுகள். கூட்டினால் 941. பையன் எண்ணிச் சொன்ன கணக்கு அச்சாகப் பொருந்தியது.

இந்த 1,417-லும் எல்லாம் முழுசாக இல்லை. முகவரி சரியாக இருந்தும், போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் பையன் போனிலிருந்து வந்த வீடியோ உட்கார்ந்திருந்தது 188 இடங்களில். 1,229 படங்கள் சுத்தமாக வந்தன, பெயரோடு.

நோட்பேட் குறிப்புகளில் நான் எதிர்பார்க்காத நல்லது நடந்தது. 61-இல் 43 கிடைத்தன, 43-ம் ஒரு எழுத்து குறையாமல். காரணம் அவற்றின் அளவு. ஏறக்குறைய 700 பைட்டுக்குள் அடங்கும் சின்ன ஃபைலுக்கு என்டிஎஃப்எஸ் தனி இடம் ஒதுக்காது. பெயர் எழுதிய அதே 1,024 பைட் பதிவுக்குள்ளேயே உள்ளடக்கத்தையும் வைத்துவிடும். யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்த தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட் ஆகும், ஆக நாலைந்து வரிக் குறிப்பு அதில் அடங்கிவிடும். அண்ணன் சுருக்கமாக எழுதுகிறவர். ‘மஞ்சள் முதல் முக்கு, நிழலில் உலர்த்து, அப்புறம் உப்புத் தண்ணி’ என்பது மாதிரி. 31 ஜிபியும் டிஸ்க்கின் மற்ற இடங்களில்தான் விழுந்தன, இந்தக் குறிப்புகளின் வீடு பதிவேட்டுக்குள்ளேயே இருந்ததால் தப்பின. அதே காரணத்தால், பதிவு கைமாறிய 18 குறிப்புகள் அடியோடு போய்விட்டன. அவற்றுக்கு வேறெங்கும் தடயமே கிடையாது. ஹெக்ஸ் திரையில் அந்தச் சாயக் குறிப்புகளை, பெயருக்கு நேர் கீழே படிக்கும்போது எனக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. ஒரு குடும்பம் கைப்பழக்கத்தில் வைத்திருந்ததெல்லாம் அந்தக் கால் பக்க இடத்துக்குள் இருந்தது.

பெயர் போன படங்கள்

பதிவு போன 923 படங்களுக்கு முகவரியே இல்லை. ஆனால் படங்கள் எங்காவது இருக்கலாம். இங்கேதான் ஃபோட்டோரெக். பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் சாஃப்ட்வேர். இது பதிவேட்டை நம்புவதில்லை. டிஸ்க்கின் காலி இடத்தை முதலிலிருந்து வாசித்துக்கொண்டே போய், எஃப்எஃப் டி8 எஃப்எஃப் போன்ற தொடக்கத்தைக் கண்டால் அங்கிருந்து வெட்டி எடுக்கும். காலி இடம் மட்டும் என்று சொல்லி ஓட்டினேன், அரை மணி நேரத்தில் முடிந்தது.

இதன் ஒரு குறை, ஃபைல் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் பெரும்பாலும் சேர்த்துத் தராது. எங்கள் அதிர்ஷ்டம், அண்ணன் டிஸ்க்கைப் புதிதாக வாங்கிய அன்றே பழைய கம்ப்யூட்டரிலிருந்து எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் இறக்கியிருக்கிறார். காலி டிஸ்க்கில் எல்லாம் அடுத்தடுத்து, சிதறாமல் அமர்ந்திருந்தன. ஏற்கெனவே கிடைத்தவற்றைக் கழித்துப் பார்த்தால் புதிதாக 604 முழுப் படங்கள்.

பெயர்தான் இல்லை. எஃப் என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒரு நீண்ட எண்ணும்தான் ஃபோட்டோரெக் கொடுக்கும் பெயர். நம்பர் இல்லாத சேலைப் படத்தை அண்ணனின் நோட்டோடு எப்படிப் பொருத்துவது? ஞாயிறு காலை டீ குடித்துக்கொண்டு அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண், ஃபைல் தொடங்கும் செக்டர். ஒரு கிளஸ்டருக்கு 8 செக்டர். 8-ஆல் வகுத்தால் கிளஸ்டர் எண். அதே கிளஸ்டர் எண்தான் பெயரோடு கிடைத்த 1,417 பதிவுகளிலும் இருக்கிறது.

இரண்டு பட்டியலையும் ஒரே எக்செல் தாளில் போட்டுக் கிளஸ்டர் எண்படி அடுக்கினேன். அடுக்கியதும் தெளிவாகத் தெரிந்தது. 418-க்கு அடுத்து பெயர் இல்லாத நான்கு படங்கள், அதை அடுத்து 423. ஒரே மூச்சில் இறக்கியதால் டிஸ்க்கிலும் நம்பர் வரிசையிலேயே அமர்ந்திருந்தன. அப்படியென்றால் நடுவில் இருக்கும் நான்கும் 419, 420, 421, 422. வேறு வழியே இல்லை. பெயர் போனாலும் உட்கார்ந்த இடம் மாறவில்லை, பக்கத்து வீட்டுக்காரரை வைத்து அடையாளம் சொல்லலாம். இந்த முறையில் 571 படங்களுக்குப் பெயர் கொடுத்தேன். நடுவில் ஒன்றிரண்டு அடியோடு காணாமல் போன இடங்களில் மட்டும் கணக்கு உதைத்தது. அந்த 33 படங்களை மட்டும் தனியாக வைத்தேன்.

மாலை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முனிச்சாலைக்குப் போனேன். கூடத்தில் பாய் விரித்து, அம்மா நடுவில், அண்ணன் நோட்டோடு ஒரு பக்கம், பையன் மறு பக்கம். நான் படத்தைக் காட்டக் காட்ட அம்மா சொன்னார், பையன் டைப் செய்தான். "இது கீழவாசல் வீட்டுச் சேலை. கல்யாணத்துக்குக் கட்டுனது." "இது எங்க மாமியார் கை. புள்ளி பாரு, கடுகு மாதிரி இருக்கு. எனக்கு அவ்வளவு சின்னதா வராது." ஒரு படத்தில் முந்தியை மட்டும் பார்த்துவிட்டு நம்பரே சொன்னார், நோட்டைப் புரட்டினால் சரி. 33-இல் 29-ஐ அவர் அடையாளம் சொன்னார். என்னுடைய கிளஸ்டர் கணக்கில் இரண்டு இடம் தவறு என்றும் கண்டுபிடித்தார். அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து நம்பர், இடம் மாறியிருந்தன.

நடுவில் அண்ணன் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். லேப்டாப்பில் வைத்திருந்தால் இன்னும் பத்திரமாக இருந்திருக்குமா? இந்த வகையில் பார்த்தால் இல்லை. அவர் லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி, சுற்றும் தட்டு இல்லாத சிப் வகை. அதில் ஃபைலை நீக்கினால், இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று விண்டோஸ் டிஸ்க்குக்கே சொல்லிவிடும். டிரிம் என்று பெயர். எஸ்எஸ்டி அதைக் கேட்டு, தன் வசதிக்கு அந்த இடங்களைத் துடைத்துக்கொள்ளும். அப்புறம் அங்கே போய் வாசித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள். சுற்றுகிற பழைய வகை டிஸ்க்காக இருந்ததுதான் இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த அவகாசம். கேமரா மெமரி கார்டு, பென் டிரைவ் பலவற்றில் ஃபேட் முறை. அதில் நீக்கினால் பெயரின் முதல் எழுத்தின் இடத்தில் இ5 என்ற ஒரு பைட்டை எழுதிவிடும். மீட்கும்போது சில பெயர்கள் முதல் எழுத்து இல்லாமல் வருவது அதனால்தான்.

கணக்கை முடித்துவிடுகிறேன். முழுதாக மீண்டவை 1,833. பாதி, முக்கால் என்று குறையாக வந்தவை 97. அடியோடு போனவை 410. அந்த 410-இல் சில சேலைகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன, அண்ணன் மறுபடி போய்ப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறார். சேலையே இல்லாதவையும் உண்டு. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. மேலே வேறு எதையாவது எழுதிவிட்ட இடத்திலிருந்து பழையதை எடுப்பது நடக்காத காரியம். 1996-இல் பீட்டர் குட்மன் எழுதிய ஒரு கட்டுரையை வைத்து, 35 முறை மேலே எழுதினால்தான் அழியும் என்ற பேச்சு இன்றும் உலவுகிறது. அது அந்தக் காலத்துப் பலவகை டிஸ்க்குகளை மனதில் வைத்து எழுதியது. இன்றைய டிஸ்க்கில் ஒரு முறை மேலே எழுதினாலே போனது போனதுதான்.

இதே உண்மையை மறு பக்கத்திலிருந்தும் பயன்படுத்த வேண்டியிருந்தது. நிலுவை செக்டர் வந்துவிட்ட டிஸ்க்கை இனி நம்ப முடியாது, பழைய சாமான் எடுப்பவரிடம் போட்டுவிடலாம் என்றார் அண்ணன். அதில் குடும்பத்தின் ஆதார் நகல், வங்கிக் காகிதம் எல்லாம் இருந்தன. டெலீட் செய்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தார். மூன்று நாளாக நாம் பார்த்தது என்ன அண்ணே என்றேன். அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்கள் அவற்றில் அப்படியே கிடந்தன. விண்டோஸில் குவிக் ஃபார்மட் கொடுத்தாலும் பதிவேடுதான் புதிதாகும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால், விஸ்டா காலத்திலிருந்து டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும். நான் லினக்ஸிலேயே முழுக்கப் பூஜ்யம் எழுதினேன். அது முடியவும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மீண்டவற்றை இரண்டு புது டிஸ்க்கில் போட்டு, ஒன்று அண்ணன் வீட்டில், ஒன்று அவர் தங்கை வீட்டில், திருப்பரங்குன்றத்தில்.

குறையாக வந்த 97-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜேபெக் படம் மேலிருந்து கீழாகத் திறக்கும். ஃபைலின் பின்பகுதி மேல் வேறு ஃபைல் எழுதப்பட்டிருந்தால், படத்தின் மேல்பாதி சுத்தமாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவோ வண்ணக் குப்பையாகவோ தெரியும். 1186 அப்படி ஒன்று. கோலம் போலப் புள்ளிகளை நட்சத்திரமாக அடுக்கிய பெரிய வட்டம், பாதியில் அறுந்து கீழே வெறும் சாம்பல். அது மாமியார் கட்டியது. சேலை எப்போதோ நைந்துபோய்விட்டது.

அம்மா லேப்டாப்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். விரல் நுனியைத் திரையில் வைத்து மேல் வரிசையிலிருந்து எண்ணினார். ஒன்று, மூன்று, ஐந்து, ஒன்பது. நட்சத்திரத்தின் நடு வரிசை வரை படம் இருந்தது. அதற்குக் கீழ்தான் சாம்பல். "நடு வரைக்கும் இருக்கு, போதும். கீழ அதே கணக்குதான் திரும்பி வரும்" என்றார். பையனிடம் காகிதம் கேட்டு, புள்ளிகளை வரிசை வரிசையாக எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் பையன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஒரு முழத் துணி, நகத்தால் கிள்ளி நூல் சுற்றிய முடிச்சுகள் பாதி வட்டம் வரை. முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை. சாயம் போட்டதும் அடுத்த படம் அனுப்புகிறேன் மாமா, அதுக்கும் 1186-ன்னே பேர் வைக்கலாமா என்று கேட்டிருந்தான். வை, பழைய பாதிப் படத்தையும் பக்கத்திலேயே வைத்துக்கொள் என்று பதில் போட்டேன்.